அவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பெண்கள் பக்கத்தில், விண்வெளிக் கட்டுப்பாட்டு அறைகளில் வேலைசெய்யும் பெண்களைப் பற்றி வந்த கட்டுரையை என் மகள் சத்தமாக வாசித்தாள். ஒன்பதாம் தரம் படிக்கிறாள். விடிய எழும்பிச் சமைக்கிறார்கள், பட்டுச்சேலை உடுத்து பூ வைக்கிறார்கள், பிள்ளைகளின் படிப்பையும் பார்க்கிறார்கள். எல்லாம் வாசித்து முடித்துவிட்டு, "சரி, அங்க போய் இவை என்ன வேலை செய்யினம் அம்மா?" என்று கேட்டாள்.

அது கட்டுரையில் இல்லை. இரண்டு பேரும் இரவு போனில் தேடினோம்.

1968 டிசம்பரில் அமெரிக்காவின் அப்பல்லோ 8 விண்கலம் சந்திரனைச் சுற்றப் போனபோது, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் பொப்பி நோர்த்கட் என்று ஒரு பெண் இருந்திருக்கிறார். வயது 25. அதில் போன மூன்று பேரையும் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவரும் பாதைக்கான கணக்கு அவருடைய குழுவின் வேலை. திரும்புவதற்கு என்ஜினை எரிப்பது சந்திரனின் மறுபக்கத்தில். அங்கே தொடர்பு கிடையாது. கப்பல் இந்தப் பக்கம் வரும்வரை கணக்குப் போட்டவர்கள் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் ஒரு தொலைக்காட்சிக்காரர் கேட்டது, குட்டைப் பாவாடை போட்ட பெண்ணை அங்குள்ள ஆண்கள் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று!

2014 செப்டம்பர் 24 அன்று இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் செவ்வாயைச் சென்றடைந்தபோது, சேலை உடுத்த பெண்கள் கொண்டாடும் படம் ஒன்று வந்தது, பலருக்கு நினைவிருக்கும். அதில் நின்றவர்கள் நிர்வாகப் பிரிவுப் பெண்கள் என்று பிறகுதான் தெரியவந்தது. அந்தப் பயணத்தின் துணைச் செயற்பாட்டு இயக்குநர் ரிது கரிதால். செவ்வாயிலிருந்து சமிக்ஞை வரவே அன்று 12 நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பிழை என்று இங்கே தெரியவரும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும். அதனால் விண்கலம் தானே யோசித்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பாட்டில் வேலைசெய்தவர் அவர். இதைச் சொன்னதும் மகள் எழும்பி உட்கார்ந்துவிட்டாள். பூவைப் பற்றி வாசிக்கும்போது கொட்டாவி விட்டவள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றுகிறேன். முழங்காலில் இருந்து, ஒரு மீற்றர் அகலப் பாதையில், முகக்கவசத்துக்குள் வேர்வை வழிய, அங்குலம் அங்குலமாகப் போகும் வேலை. டிடெக்டர் கத்தினால் அது ஆணியா, வெடியா என்று பக்கவாட்டிலிருந்து மெல்லச் சுரண்டிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் எங்களில் யாரும் வேலையை நிறுத்தலாம். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் ஏச முடியாது. ஒருமுறை ஒரு பத்திரிகையில் இருந்து வந்தார்கள். (உங்களுடையது அல்ல.) இதில் ஒன்றையும் கேட்கவில்லை. புருசன் என்ன ஆனார், பிள்ளைகளுக்கு யார் சமைக்கிறது, காற்சட்டை போட ஊரில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று கேட்டார்கள். கண்ணைத் துடைப்பது மாதிரி ஒரு படமும் எடுத்தார்கள். நான் துடைத்தது வேர்வையை.

ஜோஆன் மோர்கனைப் பற்றி வாசித்தபோது சிரிப்பு வந்தது. 1969 ஜூலை 16 அன்று அப்பல்லோ 11 புறப்பட்டபோது ஏவுதள அறையில் இருந்த ஒரே பெண். அவர் முன்பு வேலைசெய்த கட்டிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லையாம். காவலாளி ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு வாசலில் நிற்பாராம். எங்களுக்குப் பரவாயில்லை, தகர மறைப்பாவது உண்டு.

சமைப்பதை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கணக்கை எழுதுங்கள். உங்கள் நிருபர் எங்கள் பக்கம் வந்தால், ஒரு நாளில் எத்தனை மீற்றர் முடிப்பீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள், மணிக்கணக்காகச் சொல்லுவேன். சமையலைப் பற்றித்தான் கேட்பார் என்றால் இப்போதே பதில் தருகிறேன்: பாணும் சம்பலும்.

இப்படிக்கு,
மிதிவெடி அகற்றும் பெண் ஒருத்தி,
தருமபுரம், கிளிநொச்சி.