கூண்டு மரநாய்க்கு ஏது பழுத்த பழம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

காப்பிப் பழம் தின்னும் ஒரு பிராணியின் எச்சத்திலிருந்து கொட்டையைப் பொறுக்கிச் செய்யும், உலகிலேயே விலை உயர்ந்த காப்பி பற்றிச் சென்ற வார இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், நாலு ஏக்கர் காப்பி வைத்திருப்பவன் நான்.

முதலில் பெயர். கட்டுரை முழுக்கப் 'புனுகுப் பூனை' என்றே இருக்கிறது. புனுகு எடுப்பது வேறு பிராணியிடம். அது தரையில் திரிவது. காப்பிப் பழம் தின்பது மரநாய். ராத்திரியில் பலா மரத்திலும் வீட்டு ஓட்டின் மேலும் தடதடவென்று ஓடுகிறதே, அதுதான். எல்லாப் பத்திரிகையும் செய்கிற தவறு, கோபமில்லை.

பறிப்புக் காலத்தில் காலையில் தோட்டத்துக்குப் போனால் பாறை மேலோ விழுந்து கிடக்கும் மரத்தின் மேலோ அதன் எச்சம் கிடக்கும். கடலை உருண்டை மாதிரிக் கொட்டைகள் ஒட்டிக்கொண்டு, மேல்தொலி உடையாமல் அப்படியே இருக்கும். எங்கள் அப்பத்தா அதைப் பொறுக்கி, ஓடையில் நாலு தண்ணீர் மாற்றி அலசி, காயவைத்து மற்றக் கொட்டையோடு சேர்த்துவிடும். தனி விலையெல்லாம் கிடையாது. "அது திங்கிற பழத்தை நம்ம ஆளுக பறிக்க மாட்டாக" என்று மட்டும் சொல்லும். நிஜம்தான். கிளை முழுக்கச் சிவந்து நின்றாலும், முற்றிப் பழுத்ததைத்தான் மரநாய் தொடும்.

டச்சுக்காரர் ஆண்ட ஜாவா, சுமத்ராவில் தோட்டக் கூலிகள் தங்களுக்கென்று ஒரு பழம் பறிக்கக் கூடாது என்றிருந்ததாம். அதனால் எச்சத்தைப் பொறுக்கிக் காப்பி போட்டார்களாம். அந்தக் 'கோப்பி லுவாக்'தான் இன்று கிலோ பல ஆயிரம். விலை ஏறியதும் அங்கே கூண்டும் வந்துவிட்டது. ஓணான், பூச்சி, எலி, பலா, வாழை என்று தின்று இரவெல்லாம் தனியே அலையும் பிராணியை முழ அகலக் கம்பிக்குள் போட்டு, காப்பிப் பழத்தையே கொட்டுகிறார்கள். கொட்டியதைத் தின்றாக வேண்டும். காயோ, சொத்தையோ, எல்லாம் உள்ளே போகும். எந்த ருசிக்காக அந்தக் காசோ அதுவே அதில் இல்லை. 1991-ல் இதை முதலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன வியாபாரி டோனி வைல்டே 2013-ல் இதை வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார். கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

போன வருஷம் ஒரு தங்கும் விடுதிக்காரர் வந்தார். முதலில் எச்சம் கேட்டார். ஒரு சீசனுக்கு ரெண்டு கிலோ தேறினால் பெரிது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டைப் புடிச்சுக் குடுங்களேன், கெஸ்டுக்குக் காட்டவும் ஆச்சு" என்றார். காப்பி கொடுத்து அனுப்பினேன், சாதாரணக் காப்பி.

பிராணிக்குத் தீனி திணிப்பது இதில் மட்டுமில்லை. வாத்தின் தொண்டையில் குழாய் விட்டுத் தீனி திணித்து ஈரலை வீங்க வைத்துச் செய்யும் ஃபுவா கிரா என்ற பிரெஞ்சுப் பண்டத்தின் இறக்குமதியை 2014-ல் நம் அரசு தடை செய்தது. நல்லதுதான். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? யார் வயிற்றிலும் அடிக்காத தடை அது. பிரான்சிலோ அதையே 2006-ல் பண்பாட்டுச் சொத்து என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். இங்கே மலையில் ஒருவன் மரநாய்க் கறி தின்று மாட்டினால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும், மறுநாள் பேப்பரில் தலைகுனிந்து நிற்கும் படம் வரும். அதே பிராணியின் வயிற்றைக் காப்பி மெஷினாக்கினால் 'ராஜபானம்' என்று அரைப் பக்கம். கறி தின்பது சரி என்று நான் சொல்லவில்லை. ஈசலை வறுத்தால் முகம் சுளிப்பவர்கள் இதற்கு மட்டும் வரிசையில் நிற்பதுதான் விளங்கவில்லை.

நீங்கள் போட்டிருந்த படத்தில் மரநாய்க்குப் பின்னால் கம்பி வலை தெரிகிறது. அது எந்த ஊர்ப் படம் என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள்.

என் தோட்டத்துப் பாறையில் கிடப்பதை இப்போது யாரும் பொறுக்குவதில்லை. அப்பத்தாவின் பொறுமை எனக்கு இல்லை. மழைக்கு அதிலேயே முளைத்துவிடுகிறது. வேலியோரம் நிற்கும் ஏழெட்டுச் செடி மரநாய் நட்டதுதான்.

– காப்பி விவசாயி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்