இரண்டு செங்கல் போதுமா, ஆசிரியரே?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பைக்கை வீட்டிலேயே பராமரிப்பது பற்றிய கட்டுரையைக் காபி ஆறிப்போகும்வரை படித்தேன். செயினைத் துடைப்பது, எண்ணெய் விடுவது எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: "சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் கவலை வேண்டாம், அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தினால் போதும்." கவலை வேண்டாமாம். எனக்கு அன்று பூராவும் அதே கவலைதான்.

எந்த அடியில் ஐயா? என் மகனுடையது 150 சிசி வண்டி, சுமார் 140 கிலோ. குனிந்து பார்த்தால் முதலில் பிளாஸ்டிக் மூடி, அதற்குள் சைலன்சர் குழாய், அதை ஒட்டி அலுமினிய எஞ்சின் பெட்டி. இதில் எதற்கு முட்டுக் கொடுப்பது? ஒரு கையால் வண்டியைத் தூக்கிக்கொண்டு மறு கையால் செங்கல்லைத் தள்ளும் வித்தையையும் கட்டுரையாளர் சொல்லவில்லை. தாங்கள் அறியாததா.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வாசலில் இதுதான் நடந்தது. செங்கல்கூட இல்லை, ஹாலோ பிளாக். வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து, வலப்பக்கம் அதைப் படுக்கப் போட்டு முட்டுக் கொடுத்தான் மகன். பின்சக்கரம் இரண்டு விரல்கடை எழும்பியது. "பாத்தீங்களாப்பா?" என்றான். பார்த்தேன். நிற்கவைத்தால் சுமை தாங்கும் கல், படுக்கப் போட்டால் நடுவில் வெறும் ஓட்டைதானே. செயினைத் துடைக்க அவன் சக்கரத்தைச் சுற்றிய சுற்றில் பிளாக் நொறுங்கி, பின்சக்கரம் தரையில் குத்தி, வண்டி முன்னால் உருண்டு, சைடு ஸ்டாண்ட் மடங்கி, மொத்தமும் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் மேல். துளசி மாடத்தின் விளிம்பு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டதால் கால் தப்பியது. கியர் லீவர் குத்திய இடத்தில் ஆறு தையல்.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவன். ஜாக்கி தூக்கும், தாங்க வேண்டியது கட்டை என்பது அங்கே முதல் நாள் பாடம். கட்டை கொடுக்காமல் அடியில் கை நீட்டினால் மேஸ்திரி கையைத் தட்டிவிடுவார். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

சென்டர் ஸ்டாண்ட் உள்ள வண்டிக்காவது ஒழுங்காகச் சொன்னீர்களா? "பலமாகப் பின்னால் இழுக்கவும்" என்று போட்டிருக்கிறீர்கள். முதுகுதான் பிடித்துக்கொள்ளும். என் மனைவி 45 கிலோ. என் பழைய ஸ்ப்ளெண்டரைத் தனியாகப் போடுவாள். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கைப்பிடியில். வலது காலால் ஸ்டாண்டை இறக்கி, அதன் இரண்டு காலும் தரையைத் தொட்டதா என்று பாதத்திலேயே பார்த்துக்கொள்வாள். அப்புறம் உடம்பு எடை முழுவதையும் அந்த ஒரு காலில் ஏற்றி நிற்பாள், அவ்வளவுதான். வண்டி தானாகப் பின்னேறி உட்காரும்.

சென்டர் ஸ்டாண்ட் இல்லாவிட்டால், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி இரும்புத் தாங்கியான பேடாக் ஸ்டாண்ட்தான். மகனுக்கு அடிபட்ட மறுவாரம் லேத் பட்டறையில் சதுரப் பைப்பில் ஒன்று பற்றவைத்தேன், 800 ரூபாய் ஆனது. சமதளத்தில், முன் பிரேக் லீவரை சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் ஸ்டாண்ட் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அழுத்த வேண்டும். பழகும்வரை இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்வது நல்லது. சைடு ஸ்டாண்டை மடக்கவே கூடாது. இந்த ஸ்டாண்டைக் கேட்டதற்கு வண்டி விற்ற கடைக்காரர், "அதெல்லாம் தனியா வாங்கிக்கணும் சார்" என்று சிரித்தார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்தவனுக்கு ஒரு சிரிப்பு இலவசம்.

உங்கள் படத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. வெள்ளைச் சட்டைத் தம்பி செயினுக்கும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கட்டுரையில் ஒரு வார்த்தை கிடையாது. எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைத்த ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வலது கையில் நாலு வரைக்கும்தான் எண்ணிக் காட்டுவார்.

2019-லும் எழுதினேன், பஞ்சர் பற்றி நீங்கள் போட்ட ஒரு தவறுக்காக. நான்கு பக்கத்தை மூன்று வரியாக்கினீர்கள், இடப்பற்றாக்குறை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஊரைப் 'பொன்மாலை' என்று போட்டீர்களே! ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த ஊர் ஐயா அது. கால் வேண்டிய வண்டிக்குக் காலைக் காணோம், கால் வேண்டாத ஊருக்கு ஒரு துணைக்கால்.

ஆகவே, அடுத்த ஞாயிறு, அந்தச் செங்கல் வரி தவறு என்று இரண்டு வரி போடுங்கள். சோதிடப் பகுதிக்குக் கீழே, பொடி எழுத்தில் வேண்டாம். கட்டுரை வந்த பக்கத்திலேயே வரட்டும். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் தாராளமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள், பழக்கம்தான். ஊர்ப் பெயரை மட்டும் அச்சுக்குப் போகும்முன் ஒருமுறை பார்த்துவிடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
பொன்மலை (துணைக்கால் இல்லை), திருச்சி.