பேரனின் நிலா நோட்டு

புளியரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் அடுப்பைப் பார்க்க ஓடிவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம், பேரனின் நோட்டு. ஒரு மாதம் நிலாவைப் பார்த்துப் படம் வரைந்து வரச் சொன்னார்கள் என்று வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பக்கங்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் வரைந்திருக்கிறான். ஆனால் பௌர்ணமிக்கு மூன்றாம் நாளிலிருந்து வரிசையாக 'நிலா வரவில்லை', 'நிலா வரவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறான். நிலா வராமல் எங்கே போகும்? அவன் தூங்கின பிறகு வந்திருக்கிறது.

பௌர்ணமியன்று மேற்கே சூரியன் அடையும் நேரத்துக்குக் கிழக்கே நிலா கிளம்பும். மறுநாள் அதே நேரத்துக்குப் போய் நின்றால் ஒன்றும் இருக்காது. ஏறக்குறைய 50 நிமிடம் கழித்து வரும். அதற்கு மறுநாள் இன்னொரு 50. ஒரு திதிக்கு இரண்டு நாழிகை என்று உன் தாத்தா கணக்குச் சொல்வார். நாழிகைக்கு 24 நிமிடம், ஆக 48. பழைய கணக்கு என்று தள்ளிவிட முடியாது. அப்படியே தள்ளித் தள்ளி, தேய்பிறை அஷ்டமிக்கு நடுராத்திரி உதயம். அமாவாசையன்று சூரியனோடு சேர்ந்தே உதித்துச் சூரியனோடு சேர்ந்தே மறைவதால் கண்ணில் படாது. நீங்கள் இருக்கும் மெல்போர்ன் நிலநடுக்கோட்டிலிருந்து நம்மைவிட ரொம்பத் தள்ளி இருப்பதால் அங்கே இந்த 50 கொஞ்சம் ஆட்டம் காட்டும்; சில மாதம் பௌர்ணமியை ஒட்டி அரைமணி சொச்சம்தான் பிந்தும், சில மாதம் ஒரு மணிக்கு மேலேயே பிந்தும்.

ஆகவே எட்டு மணிக்குப் படுக்கப்போகிற பிள்ளை தேய்பிறையை ராத்திரியில் தேடக் கூடாது. காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் மேற்குப் பக்கம் பார்க்கச் சொல்லு. வெளுத்துப் போய் நின்றுகொண்டிருக்கும். நிலா ராத்திரிச் சாமான் என்று யார் சொன்னார்கள்? மாதத்தில் முக்கால்வாசி நாள் பகலிலும் கொஞ்ச நேரமாவது இருக்கத்தான் செய்கிறது, நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஏன் பிந்துகிறது என்று கேட்பான். பூமி ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் நிலா நட்சத்திரங்களுக்கு நடுவே கிழக்காக 13 பாகை போய்விடுகிறது. பூமி அதை எட்டிப்பிடிக்க இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் 50 நிமிடம். அந்த 13 பாகைதான் பஞ்சாங்கத்தில் ஒரு நட்சத்திரம். அசுவினியில் கிளம்பிய நிலா 27 நட்சத்திரமும் கடந்து 27 நாள் சொச்சத்தில் மறுபடி அசுவினிக்கு வந்துவிடும். அதற்குள் சூரியன் கிட்டத்தட்ட ஒரு ராசி தாண்டியிருக்கும். அதையும் பிடிக்க இன்னும் இரண்டு நாள் சொச்சம். அதனால்தான் அமாவாசைக்கு அமாவாசை 29½ நாள்.

அப்புறம், பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று நீ சொன்னதாகச் சொன்னான். அது கிரகணம், தாயி. நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில்தான். அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறையும் பௌர்ணமியும். வளர்பிறை அஷ்டமியன்று பிற்பகலில் அவனை வெளியே கூட்டிப் போ. அன்று நிலா மத்தியானமே உதித்து ஏறிக்கொண்டிருக்கும். ஒரு எலுமிச்சம்பழத்தை வெயில் படும்படி, கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லு. நிலாவில் எந்தப் பாதி வெளிச்சமோ பழத்திலும் அதே பாதிதான் வெளிச்சமாக இருக்கும். நேற்றுக்கூட எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினேன். ஒருத்தன் பழத்தைக் கீழே இறக்கவே மாட்டேன் என்கிறான்.

எனக்கு இதெல்லாம் புத்தகம் சொல்லிக்கொடுத்ததில்லை. ரயில்வேயில் மீட்டர் கேஜ் காலத்தில் கேங்மேனாக ராத்திரி லைன் பார்க்கப் போகையில், கை விளக்கு போக மிச்ச வெளிச்சம் நிலாதான். பகவதிபுரத்தில் ஏறிக் குகையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் இறங்கினால் அங்கே கிழக்கே மலை. காலண்டர்ப்படி ஏழு மணிக்கு வரவேண்டிய நிலா மலையைத் தாண்டி முகம் காட்டும்போது எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும். நம் புளியரையில் எதிர்மாறு. கிழக்கே வயல், அதனால் உதயம் சுத்தமாகத் தெரியும். மேற்கே மலை, மூன்றாம் பிறை இருட்டுமுன்னே மலைக்குப் பின்னால் போய்விடும். கண்ணில் பட்டால் பாக்கியம். நாலாம் பிறைதான் பளிச்சென்று தெரியும், அதைப் பார்த்தால் நாய் படாத பாடு என்று உன் ஆச்சி கண்ணைப் பொத்திவிடுவாள்.

இந்த மலையால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிறை பார்த்துப் பெருநாள் அறிவிப்பது மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அவர்கள் காஜி, இந்தப் பக்கம் நம் காஜி. சில வருடம் கேரளத்தில் இன்று பெருநாள், இங்கே நாளை. உன்னோடு படித்த வடகரைப் பெண் ஒருத்தி புனலூரில் கட்டிக்கொண்டு, இரண்டு நாளும் பிரியாணி என்று வந்து சொல்வாளே. ஆடி அமாவாசை மட்டும் பெரும்பாலும் பிசகாது. நாம் குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுக்கிற அன்றே அவர்கள் வர்க்கலையில் வாவுபலி இடுவார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டைத் தாலுகா அவர்களோடு இருந்ததுதானே. உன் தாத்தா கடைசிவரை கொல்லம் ஆண்டில்தான் தேதி சொன்னார்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். வளர்பிறையில் இடது பக்கம் வெளிச்சமாக வரைந்திருக்கிறான். வலது பக்கம்தான் வரவேண்டும் என்று சொல்லி நீ அழிக்கச் சொன்னாயாம். அழிக்காதே. அவன் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறான். உங்கள் ஊரில் நிலா வடக்கு வானத்தில் போகிறது. அவன் வடக்கே பார்த்து நிற்கிறான். வடநாட்டுக்காரன் தெற்கே பார்த்து நிற்பான். அதனால் ஒருவனுக்கு வலது மற்றவனுக்கு இடது. இங்கே நமக்கு நிலா உச்சியை ஒட்டியே போவதால் பிறை மல்லாந்து கிடக்கும். வலதுமில்லை, இடதுமில்லை. நம் ஊரில் உதிக்கும்போது நிலாவில் தெரிகிற முயல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, விடிகாலை மறையும்போதும் பார்த்தால் ஏறத்தாழ தலைகீழாகத் திரும்பியிருக்கும். நீ சின்னப்பிள்ளையில் இதைப் பார்த்துவிட்டு, வேறு முயல் என்று சாதித்தாய்.

உங்கள் ஊரில் நிலாவின் தென்பக்கம்தான் மேலே இருக்கும். 2023 ஆகஸ்ட் 23-ல் நம் சந்திரயான்-3 இறங்கியது தென்துருவத்தை ஒட்டி. எங்களைவிடப் பேரனுக்கு அந்த இடத்தைக் காட்டுவது சுலபம், வட்டத்தின் மேல்பக்கம் என்று சொன்னால் போதும். இறங்கிய அன்று அங்கே பொழுது விடிந்திருந்தது. நிலாவில் ஒரு பகல் நம் கணக்கில் 14 நாள். அந்தப் பகல் முடிவதற்குள் வேலையை முடித்துவிட்டுத்தான் லேண்டரும் ரோவரும் உறங்கப் போயின. வீடு வீடாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம், உன் அம்மா அன்று அரிசி களையக்கூட எழுந்திருக்கவில்லை.

இன்னொன்று. மார்கழிப் பௌர்ணமி எங்களுக்குத் தலைக்கு மேலே, வீட்டு முற்றத்தில் நிழலே குட்டையாக விழும். திருவாதிரைக் களி கிண்டுகிற நாள் அதை ஒட்டித்தான். உங்களுக்கோ அது வானத்தில் தாழ்ந்து போகும். ஆனிப் பௌர்ணமி உங்களுக்கு உயரம், எங்களுக்குத் தாழ்வு. வருடம் முழுக்கக் குறித்தால் பேரனே கண்டுபிடிப்பான். ஒரு மாதத்தில் தெரியாது.

புது நோட்டு வாங்கிக் கொடு. படத்துக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் போடச் சொல்லு: மணி, திசை, வீட்டுக்கூரைக்கு எவ்வளவு மேலே. மணி இல்லாத படத்தால் பிரயோஜனமில்லை. மேகம் மறைத்தால் 'மேகம்' என்று எழுதட்டும், 'நிலா வரவில்லை' வேண்டாம். தேய்பிறை அஷ்டமியை ஒட்டி ஒரு தேதியில் மட்டும் உதயமே இருக்காது. முந்தைய நாள் பன்னிரண்டு அடிக்கக் கொஞ்சம் முன்னால் உதித்தது, மறுமுறை உதிக்கும்போது தேதி ஒன்று தாண்டிவிடும். அந்தத் தேதி எது என்று அவனே கண்டுபிடித்தால் குற்றாலம் நேந்திரம் சிப்ஸ் பார்சல் அனுப்புகிறேன் என்று சொல்லு. அடுத்த அமாவாசைக்கு மறுநாளிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

அப்பா