ரத்தக்கட்டி ஊசி: கூட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொவிட்-19, சளிக்காய்ச்சல் முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்குத் தினமும் வயிற்றில் ஊசி போடுவதைக் கண்டு, "மூச்சுத் திணறலுக்கு வயிற்றில் ஏன் ஊசி?" என்று குடும்பத்தார் திகைக்கிறார்கள். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை மருந்து. தொற்றினால் வரும் அழற்சி ரத்தநாளங்களின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. நோயாளியோ அசையாமல் படுத்திருக்கிறார். காலில் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம்.

கட்டி வராமல் தடுக்க வழக்கமாகத் தரும் அளவு, ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்சபாரின் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் குறைப்பார்கள். ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் பரிசோதனை அளவு எகிறிவிட்டது, மருந்தைக் கூட்டுங்கள் என்று வற்புறுத்த வேண்டாம்; அழற்சியினாலேயே அது ஏறும். 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வுகளில், தீவிர சிகிச்சையிலிருந்த கொவிட் நோயாளிகளுக்கு கட்டிக்குச் சிகிச்சையாகத் தரும் முழு அளவு ஹெப்பாரின் கூடுதல் பலன் தரவில்லை. சாதாரண வார்டில் இருந்தவர்களுக்கோ ஓரளவு உதவியது.

டெங்கி கதை வேறு. அங்கே பெரிய பயம் ரத்தக்கசிவு. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கூடாது, பாரசிட்டமால்தான். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்கட்டும்.

படுத்திருக்கும் நோயாளியின் ஒரு கால் மட்டும் வீங்கினால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்; உடனே தாதியிடம் சொல்லுங்கள். பாசத்தில் கோடாலித் தைலம் தடவி அமுக்கிவிடாதீர்கள்.

வாசகர், தோ பாயோ