கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பின் மகளுக்கு எழுதியது

அன்புள்ள மகளுக்கு,

"அப்பா, முழுவதும் சரியாகிவிட்டதா?" என்று தொலைபேசியில் நீ ஒவ்வொரு முறையும் கேட்கிறாய், ஒரு சொல்லில் விடை தர முடியாததால் எழுதுகிறேன்.

தண்டுவடத்தின் மீதிருந்த அழுத்தத்தை அறுவை சிகிச்சை நீக்கிவிட்டது. ஆனால் நெடுநாள் நசுங்கி நலிந்துபோன நரம்பிழைகளைப் புதிதாக நெய்து தருவது அதன் வேலையன்று. நிலைமை மேலும் மோசமாகாமல் தடுப்பதே முதல் நோக்கம் என்று மருத்துவர் முன்பே சொன்னதை நாம் இருவருமே அன்று காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எவ்வளவு மீளும் என்பது, கத்தி படுவதற்கு முன் தண்டுவடம் எத்தனை காலம், எந்த அளவுக்கு அழுந்தியிருந்தது என்பதைத்தான் பெரிதும் பொறுத்தது. சட்டைப் பொத்தான் போடுகையில் விரல்கள் தடுமாறியதையும், இருட்டில் நடை தள்ளாடியதையும் வயதின் மேல் போட்டு ஒன்றரை ஆண்டைக் கடத்தியவன் நான். பெரிதாக வலிக்கவில்லை என்பதே என்னை ஏமாற்றியது. கை, கால், உணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சோதித்து 18க்கு மதிப்பெண் இடுகிறார்கள். 15 முதல் 17 வரை லேசான பாதிப்பு, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11ம் அதற்குக் கீழும் கடுமை. எனக்குக் கிடைத்தது 11. எம்ஆர்ஐ படத்தில் தண்டுவடத்தின் உள்ளேயே, பாதிப்பைக் காட்டும் நிறமாற்றமும் தெரிந்தது. ஆகவே, அறுவை செய்தவர் மீது உனக்குள்ள கோபம் நியாயமன்று.

வயதும் சர்க்கரை நோயும் மீட்சியைத் தாமதப்படுத்தக்கூடியவை. நீ சிறுமியாக இருந்தபோதே விடச்சொன்ன சிகரெட்டை இப்போதுதான் விட்டேன். புகைப்பது அறுவைக்குப் பின் கழுத்து எலும்பு ஒன்றுசேர்வதைக் கெடுக்கும் என்று சொன்ன பிறகே எனக்குப் பயம் வந்தது.

முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் தெரியும் என்றும், அதன் பின்னும் ஓராண்டுக்கு மேலாகக்கூட மெல்ல மெல்லத் தொடரலாம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இது நான்காவது மாதம். நடை ஓரளவு திடப்பட்டிருக்கிறது. விரல் நுனிகளின் மரமரப்பு அப்படியே இருக்கிறது, அது முழுவதும் போகும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் பத்து நொடிக்குள் விரல்களை எத்தனை முறை மடக்கி விரிக்கிறேன் என்று எண்ணுகிறார். 20 முறையாவது வர வேண்டும். அறுவைக்கு முன் 9 முறை, சென்ற வாரம் 14.

இனி அழைக்கும்போது அந்த எண்ணைக் கேள், அம்மா. அதற்கு என்னால் விடை சொல்ல முடியும்.

அன்புடன்,
அப்பா