பெயர் மட்டும்தானே தெரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் உள்ள படத்தை டிவியில் போடப் போனால் பக்கத்து வீட்டு டிவியும் பட்டியலில் வருகிறதே என்று சென்ற இதழின் தொழில்நுட்பக் கேள்வி-பதிலில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "பதற வேண்டாம், பெயர் மட்டும்தானே தெரிகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் தங்கள் நிபுணர். மிக்க நன்றி. போன் ஏன் சூடாகிறது என்ற அடுத்த கேள்விக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறார்.

என்ன பெயர் என்று அவர் ஒருமுறையாவது படித்துப் பார்த்திருக்கிறாரா? முதல்முறை இயக்கும்போதே எந்த அறை என்று கேட்டு, அதையே பெயராக வைத்துக்கொள்ளும் கருவிகள் பல உண்டு. எங்கள் பட்டியலில் ஓர் அம்மாவின் பெயரும், அதை ஒட்டி 'படுக்கையறை' என்றும் வருகிறது. அவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியூர் போனால் அந்த வரியும் போய்விடும். திரும்பி வந்த அன்று மாலையே மறுபடி வந்து நிற்கும். வீட்டில் ஆள் இல்லை என்று வாசலில் போர்டு மாட்டாத குறைதான்.

இன்னொன்று. ஸ்பீக்கரை இணைப்பதற்காக டிவியில் புளூடூத் தேடினோம். காது கேட்கும் கருவி ஒன்றின் பெயர் வந்தது, இடதா வலதா என்பது உட்பட. எங்கள் வீட்டில் யாருக்கும் அது கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கலாம். பெயர் மட்டும்தானே!

"ஒரே வைஃபையில் இருந்தால்தான் தெரியும்" என்று முன்பொரு இதழில் இதே நிபுணர் எழுதியிருந்தார். பாதிதான் சரி. டிவியில் செருகும் குரோம்காஸ்ட் போன்ற கருவிகள் பொதுவாக அப்படித்தான். ஆனால் போன் திரையை அப்படியே டிவியில் காட்டும் (ஸ்கிரீன் மிரரிங்) முறைகளில் ஒன்றான, 2012-லேயே வந்துவிட்ட மிராகாஸ்டுக்கு வீட்டு வைஃபையே தேவையில்லை. போனும் டிவியும் வைஃபை டைரக்ட் வழியாக நேரடியாகப் பேசிக்கொள்ளும், நடுவில் சுவர் இருந்தாலும். உங்கள் வைஃபை பாஸ்வேர்டை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் இந்த வழியை அது மறிக்காது.

அந்த வழியாக என்ன வரும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். மாமியார் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு போன் இணைய விரும்புகிறது, அனுமதிக்கலாமா என்று திரையில் ஒரு பெட்டி. நிகழ்ச்சியை மறைக்கிறதே என்று ஓகே அழுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கே பார்த்தாலும் ஓகே அழுத்தினால்தான் அடுத்த வேலை என்று எல்லோரையும் பழக்கி வைத்திருக்கிறார்களே. அடுத்த நொடி யாரோ ஒருவரின் போன் திரை முழுசாக எங்கள் டிவியில்! கல்யாணப் போட்டோக்கள் ஓடுகின்றன, இடையில் "மருந்து சாப்பிட்டாயா" என்று ஒரு செய்தி, மேலே வங்கியின் ஆறு இலக்க ஓடிபி. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அந்தப் பிள்ளை தன் வீட்டு டிவியில் ஏன் படம் வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்திருக்கும்.

பெயரில் ஒன்றுமில்லை என்றால், 2020 முதல் ஐபோனில் ஒரு செயலி வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேடுவதற்கு நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் ஏன் வைத்தது? அதற்கு முன் 2018-ல், கிரெய்க் யங் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், கூகுள் ஹோம் என்ற பேசும் ஸ்பீக்கரும் குரோம்காஸ்டும் அக்கம்பக்கத்து வைஃபைகளின் பட்டியலைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவதையும், அதை வைத்தே அந்த வீடு எங்கே இருக்கிறது என்று சில மீட்டர் துல்லியத்தில் கண்டுபிடிக்க முடிவதையும் காட்டினார். கூகுள் பிறகு அதைச் சரிசெய்தது. அமெரிக்காவில் விஜியோ டிவி நிறுவனம் 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டியதே, அந்த வழக்கை மட்டுமாவது உங்கள் நிபுணர் படித்திருக்கலாம். வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பதோடு, அருகிலுள்ள வைஃபைகளின் விவரத்தையும் அந்த டிவிகள் அனுப்பியதாக அரசின் புகாரிலேயே இருக்கிறது. டிவி வாங்கியவரிடமே ஒழுங்காக அனுமதி கேட்கவில்லை என்பதுதான் அந்தப் புகார். பக்கத்து வீட்டுக்காரரிடம் யார் கேட்டார்கள்?

இதையெல்லாம் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஸ்மார்ட் டிவியைப் புகழ்ந்து தாங்கள் சிறப்பிதழ் போட்டபோதும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு நான் எழுதிய கடிதத்தில் "இதழ் அருமை" என்ற முதல் வாக்கியம் மட்டும் அச்சாகியிருந்தது. பெருந்தன்மைக்கு நன்றி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: கருவியின் பெயரிலிருந்து நம் பெயரையும் அறையையும் எப்படி எடுப்பது, இணைய வருபவரிடம் பின் நம்பர் கேட்கும்படி எப்படி வைப்பது, தேவையில்லாதபோது ஸ்கிரீன் மிரரிங்கை எங்கே அணைப்பது. போன் சூட்டுக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

அப்புறம், இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் மிராகாஸ்ட் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள். தங்கள் நிபுணர் படிக்க வேண்டியது அதுதான்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி