காபூலில் சம்பளம் நின்றால்

அன்பு சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. உன் கேள்விக்கே வருகிறேன். காகிதக் கணக்கில் 3 லட்சம் பேர் இருந்த ஆப்கன் படை, 2021 ஆகஸ்டில் தாலிபான்களுக்கு முன் எப்படிப் பத்தே நாளில் கரைந்தது? கோழைத்தனம் என்கிறாய். எனக்கு உடன்பாடில்லை. காபூலில் யார் ஆண்டாலும், சிப்பாய்க்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்கானை ஆண்ட மன்னர், 'இரும்பு அமீர்' அப்துர் ரஹ்மானுக்குப் பிரிட்டிஷ் இந்தியா ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் கொடுத்தது. 1893இல் ஆப்கானுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே வகுத்த டுராண்ட் எல்லைக்கோட்டுக்கு அவர் தலையசைத்ததும் அது 18 லட்சமானது. அந்தப் பணமும் துப்பாக்கியும் கையில் இருந்ததால்தான் மலைநாட்டுச் சிறுபான்மையினரான ஹஸாராக்களை அவரால் அவ்வளவு கொடூரமாக அடக்க முடிந்தது. அவருடைய பேரன் அமானுல்லா 1919இல் போரிட்டு வெளியுறவுச் சுதந்திரம் வாங்கினார். மானியம் போயிற்று. வரியைக் கூட்டினார், படையின் சம்பளத்தைக் குறைத்தார். 1928 நவம்பரில் ஷின்வாரி என்ற பஷ்தூன் குலத்தார் கிளர்ந்தபோது அவருக்காகச் சண்டை போட ஆளில்லை. 1929 ஜனவரியில் அரியணையை விட்டார். முகத்திரையை விலக்கச் சொன்னதால் கவிழ்ந்தார் என்பார்கள்; அது பாதிக் கதை.

சோவியத் ஆதரவில் ஆண்ட அதிபர் நஜிபுல்லா விஷயம் இன்னும் தெளிவு. 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் படைப்பிரிவு எல்லை ஆறான அமு தர்யாவின் பாலத்தைக் கடந்தது. சில மாதங்களில் ஆட்சி விழும் என்றுதான் உலகமே எதிர்பார்த்தது. மார்ச்சில் ஜலாலாபாத்தைத் தாக்கிய முஜாஹிதீன்கள், அதாவது அமெரிக்க ஆதரவு பெற்ற கிளர்ச்சியாளர்கள், தோற்றார்கள். ஸ்கட் ஏவுகணை, எரிபொருள், கோதுமை, ரூபிள் எல்லாம் வடக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தன. அதில் ஒரு பங்கு தளபதி தோஸ்தமின் உஸ்பெக் படை போன்ற கூலிப் படைகளுக்குப் போனது. இரு தரப்புக்கும் ஆயுதம் அனுப்புவதை 1992 ஜனவரி 1 முதல் நிறுத்துவதென்று அமெரிக்காவும் சோவியத்தும் முந்தைய செப்டம்பரிலேயே பேசி முடித்திருந்தன. அதற்குள் சோவியத்தே இல்லாமல் போயிற்று. பெட்ரோல் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றன. அந்த நேரம் பார்த்து நஜிப், பாலத்தடிக் கிடங்கு நகரமான ஹைரதானின் தாஜிக் தளபதி மோமினை நீக்கிவிட்டு ஒரு பஷ்தூனைப் போட முயன்றார். மோமின் மறுத்தார், தோஸ்தம் அவர் பக்கம் சேர்ந்தார். மார்ச்சில் மஸார்-எ-ஷரீஃப் கைமாறியது, ஏப்ரலில் காபூல். படை போன பின்னும் மூன்று ஆண்டு நின்ற ஆட்சி, பணம் நின்று நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

இப்போது 2021ஐப் பார். அரசுச் செலவில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டு மானியம். சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த, நிஜத்தில் இல்லாத ஆட்கள் ஏராளம், அவர்கள் பெயரில் வந்த காசு அதிகாரிகளின் பைக்குள் போனது. உள்ளூர் மெக்கானிக்குகளே பழுது பார்த்துவந்த ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டர்களுக்குப் பதிலாக அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்கப் படையோடு வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்களும் ஊருக்குப் போனதும் அவற்றைப் பராமரிக்க ஆளில்லை. வான்வழி நின்றதும் தொலைதூரக் காவல் நிலைகளுக்கு ரொட்டியும் தோட்டாவும் போய்ச் சேரவில்லை. சுற்றி வளைக்கப்பட்ட சிப்பாயிடம் ஊர்ப் பெரியவர்களே வந்து, ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார்கள். பசியோடு கிடப்பவன் வேறென்ன செய்வான்?

இன்னொன்றையும் கவனி. தாலிபான்கள் முதலில் மாகாணத் தலைநகரங்களுக்குப் போகவில்லை. ஜூனில் ஷேர் கான் பந்தர், ஜூலையில் இஸ்லாம் கலா, ஸ்பின் போல்டாக் என்று எல்லைச் சுங்கச் சாவடிகளைப் பிடித்தார்கள். அரசின் சொந்த வருமானத்தில் பெரும்பங்கு சுங்கம்தான். முதல் தலைநகரமான ஸரஞ்ச் விழுந்ததே ஆகஸ்ட் 6 அன்று, காபூல் 15 அன்று.

தாலிபான்கள் காபூலைப் பிடித்த கையோடு, அமெரிக்காவில் வைத்திருந்த மத்திய வங்கியின் 700 கோடி டாலர் முடங்கியது. சுங்கத்தைக் கறாராக வசூலிக்கிறார்கள், சரிதான். ஆனால் பல மாதங்கள் ஐ.நா. விமானத்தில் நிவாரணத்துக்கென்று கட்டுக்கட்டாக டாலர் இறங்கியதால்தான் ஆப்கானி நாணயம் சரியாமல் நின்றது. அடுத்த கடிதத்தில் டுராண்ட் கோட்டைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். மருந்தை விடாதே.

அன்புடன்,
ரகு